இரு கரைக்கும் ஒரே அளவுகோல்

இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை எல்லை தாண்டும் புகையையும் ஆற்றையும் மீனையும் பற்றியவை. ஆகவே பதில்களும் அவற்றைச் சுற்றியே.

2015 புகைமூட்டத்தின்போது எங்கள் பக்கம் ஓர் எண், பாலம் தாண்டி சிங்கப்பூரின் உட்லண்ட்ஸில் வேறோர் எண். புகை ஒன்றுதானே?
வாசகி, ஜோகூர் பாரு

புகை ஒன்று, கணக்கு இரண்டு. சிங்கப்பூர் தன் காற்று மாசுக் குறியீட்டில் ‘பி.எம். 2.5’ என்ற நுண்துகளை 2014 ஏப்ரலில் சேர்த்தது. மலேசியா 2018 ஆகஸ்டில் சேர்த்தது. நடுவில் இருந்த ஆண்டுகளில் மலேசியாவின் துகள் கணக்கு, சிறியதையும் பெரியதையும் சேர்த்து எடைபோடும் ‘பி.எம். 10’ மட்டுமே. சுமத்ராவில் எரியும் கரிமண் நிலங்களிலிருந்து வரும் புகையில் பெரும்பகுதி நுரையீரலின் அடிவரை போகும் நுண்துகள். அதைத் தனியே பார்க்காத குறியீடு தாழ்ந்துதான் நிற்கும்.

2013 ஜூனிலும் இது போன்ற குழப்பம். 21-ஆம் தேதி சிங்கப்பூரின் மூன்று மணி நேரக் குறியீடு 401. 23-ஆம் தேதி ஜோகூரின் மூவார் 746 காட்டியது. அங்கே அவசர நிலை அறிவித்தார்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்து எந்த ஊருக்கு அதிகம் என்று பேசிக்கொண்டார்கள். வெவ்வேறு முறையில் கணக்கிட்ட, ஒப்பிடவே முடியாத எண்கள் அவை. பிள்ளையை இன்று பள்ளிக்கு அனுப்பலாமா என்று ஒரு தாய் முடிவெடுப்பது அந்த எண்ணை வைத்துத்தான். பாலத்தின் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் அது மாறக் கூடாது.

யார் கொளுத்தியது என்று துணைக்கோள் படம் காட்டிக் கொடுத்துவிடுமே? அப்புறம் என்ன ஆய்வு?
வாசகர், சிங்கப்பூர்

தீ எங்கே என்று துணைக்கோள் சொல்லும். அந்த நிலம் யாருடையது என்று அதற்குத் தெரியாது. அதற்கு நிலக் குத்தகை வரைபடம் வேண்டும். ஆசியான் நாடுகள் கூட்டுப் புகைக் கண்காணிப்பு முறை ஒன்றை 2013-ல் ஏற்றுக்கொண்டன; ஆனால் குத்தகை வரைபடங்களை எல்லோரும் பார்க்கத் தருவதற்குச் சட்டம் இடம் தரவில்லை என்று இந்தோனேசியாவும் மலேசியாவும் நின்றுவிட்டன. புகை ஒப்பந்தம் கையெழுத்தானது 2002-ல். அதிகமாகத் தீ எரியும் இந்தோனேசியா அதை உறுதிசெய்தது 2014-ல். வானத்துப் படத்தையும் நிலத்துப் பத்திரத்தையும் ஒரே மேசையில் விரிக்காதவரை, தீ வைத்தவருக்குக் கவலை இல்லை.

கூட்டாக அளப்பது என்றால் எல்லோரும் ஒரே கருவியை வாங்கிக்கொள்வதா?
கல்லூரி மாணவர், திருச்சி

கருவி கடைசியில் வருவது. எதை அளப்பது, எங்கே நின்று அளப்பது, எத்தனை மணி நேரச் சராசரி எடுப்பது, கிடைத்த எண்ணை யாரிடம் எப்போது கொடுப்பது என்ற நான்கும்தான் முதலில் பேசி முடிக்க வேண்டியவை. நான்காவதில்தான் பல ஒப்பந்தங்கள் தடுக்கி விழுகின்றன.

டான்யூப் ஆற்றைப் பாருங்கள். 2001, 2007, 2013 என மூன்று முறை, ஓர் ஆய்வுக் குழு கப்பலேறி ஜெர்மனியிலிருந்து கருங்கடல் முகத்துவாரம்வரை ஒரே முறையில் மாதிரி எடுத்துக்கொண்டே போனது. ஒவ்வொரு நாடும் தன் பகுதியைத் தானே அளந்திருந்தால், எல்லைதோறும் ஆறு திடீரென்று சுத்தமானது போலவும் அடுத்த மைலில் கெட்டது போலவும் தெரிந்திருக்கும். ஒரே குழு அளந்ததால், மாறியது ஆறா அளவா என்ற கேள்விக்கே இடமில்லாமல் போயிற்று.

எல்லை தாண்டிய மாசை நாடுகள் சேர்ந்து அளந்து, உண்மையிலேயே குறைத்த கதை ஒன்றாவது உண்டா?
ஆசிரியர், தஞ்சாவூர்

உண்டு. எனக்கு நம்பிக்கை தளரும்போதெல்லாம் திரும்பிப் போய்ப் படிக்கும் கதை அதுதான்: ஐரோப்பாவின் அமில மழை.

ஸ்வீடனிலும் நார்வேயிலும் ஏரிகளில் மீன்கள் காணாமல் போய்க்கொண்டிருந்தன. ஸ்வாந்தே ஓடேன் என்ற ஸ்வீடன் மண்ணியல் அறிஞர், 1967-ல், விஞ்ஞான இதழுக்குக் காத்திராமல் ‘டாகென்ஸ் நீஹெட்டர்’ நாளிதழிலேயே காரணத்தை எழுதினார். பிரிட்டனிலும் மத்திய ஐரோப்பாவிலும் எரியும் நிலக்கரியின் கந்தகம், காற்றில் ஏறி, ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்து, ஸ்காண்டினேவியாவில் அமிலமாக இறங்குகிறது என்றார். அங்கே பாறை கருங்கல், மேலே மெல்லிய மண், அமிலத்தை முறிக்கச் சுண்ணாம்பு கிடையாது. விழுந்த அமிலம் அப்படியே ஏரிக்குப் போயிற்று.

யாரும் உடனே ஒப்புக்கொள்ளவில்லை. புகைபோக்கியை உயர்த்திவிட்டோம், எங்கள் ஊர்க் காற்று சுத்தம் என்றது பிரிட்டன். உயர்த்தியதால்தான் புகை தூரம் போகிறது என்றார்கள் வடக்கே. 1972-ல் ஸ்டாக்ஹோமில் நடந்த ஐ.நா. மாநாட்டில் ஸ்வீடன் இதை முன்வைத்தது. அதே ஆண்டு, பொருளாதார ஒத்துழைப்பு அமைப்பான ஓ.இ.சி.டி.யின் கீழ் மேற்கு ஐரோப்பிய நாடுகள் சேர்ந்து அளக்கத் தொடங்கின. 1977-ல் அந்த அறிக்கை வந்தது: கந்தகம் எல்லை தாண்டுகிறது, ஐயமில்லை. அதன் பின் கிழக்கு ஐரோப்பாவையும் சேர்த்துக்கொண்டு, ஐ.நா.வின் ஐரோப்பியப் பொருளாதார ஆணையத்தின் கீழ் ‘எமெப்’ என்ற கண்காணிப்பு வலை உருவாயிற்று.

1979 நவம்பர் 13 அன்று ஜெனீவாவில் கையெழுத்தான, எல்லை தாண்டும் காற்று மாசு பற்றிய ஒப்பந்தத்தைப் படித்தால் ஏமாற்றமாக இருக்கும். இவ்வளவு குறைப்போம் என்று ஓர் எண்கூட இல்லை. அளப்போம், பகிர்வோம், பேசுவோம், அவ்வளவுதான். பல்லில்லாத ஒப்பந்தம் என்று அன்றைக்கே சொன்னார்கள். ஆனால் அந்த அளத்தலிலிருந்து ஆண்டுதோறும் ஓர் அட்டவணை வெளியானது. ஒரு பக்கம் கந்தகத்தை வெளியேற்றும் நாடுகள், இன்னொரு பக்கம் அதை வாங்கிக்கொள்ளும் நாடுகள், கட்டங்களில் டன் கணக்கு. அதைப் ‘பழி அட்டவணை’ என்றே அழைத்தார்கள். நார்வேயில் விழும் கந்தகத்தில் பெரும்பங்கு வெளிநாட்டுடையது என்று அதில் தெரிந்தது. பிரிட்டன் அமைச்சர் அதை மறுக்க வேண்டுமானால் தன் நாட்டு விஞ்ஞானிகளும் சேர்ந்து போட்ட கணக்கை மறுக்க வேண்டும்.

1985-ல் ஹெல்சிங்கியில் 21 நாடுகள், 1980-ன் அளவில் 30 சதவீதத்தை 1993-க்குள் குறைப்பதாகக் கையெழுத்திட்டன. பிரிட்டனும் அமெரிக்காவும் போலந்தும் போடவில்லை. 1994-ல் ஆஸ்லோவில் கணக்கு இன்னும் நுட்பமாயிற்று. எல்லோருக்கும் ஒரே சதவீதம் என்பதை விட்டு, ஒவ்வொரு மண்ணும் ஏரியும் எவ்வளவு அமிலம் தாங்கும் என்று வரைபடம் போட்டு, அதிலிருந்து ஒவ்வொரு நாட்டுக்கும் தனி இலக்கு வகுத்தார்கள். இந்த முறை பிரிட்டனும் கையெழுத்திட்டது. 1990-க்குப் பிறகு ஐரோப்பாவின் கந்தக உமிழ்வு 70 சதவீதத்துக்கும் மேல் குறைந்திருக்கிறது. கிழக்கு ஐரோப்பியத் தொழிற்சாலைகள் மூடியதும் எரிவாயுவின் வரவும் அதில் பங்கு கொண்டவை. அதையும் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. ஆனாலும், தாங்குமளவு வரைபடம் இல்லாமல் 1994-ன் இலக்குகளை யாரும் எழுதியிருக்க முடியாது.

பனிப்போரில் ஒருவர்மீது ஒருவர் அணுகுண்டைக் குறிவைத்துக்கொண்டு நின்றவர்கள் புகைக் கணக்கை எப்படிப் பகிர்ந்துகொண்டார்கள்?
வழக்கறிஞர், மதுரை

இரு பக்கமும் தலைகுனியாதபடி வேலையைப் பங்கிட்டார்கள். காற்றோட்டக் கணக்குப் போட ஒரு மையம் ஆஸ்லோவில், இன்னொன்று மாஸ்கோவில். மழைநீரைச் சோதிக்கும் ஆய்வுக்கூடங்கள் எல்லாம் ஒரே விடை தருகின்றனவா என்று பார்க்கும் வேதியியல் மையம் நார்வேயில். தாங்குமளவை வைத்து இலக்கு வகுக்க உதவிய கணினி மாதிரியை உருவாக்கியது வியன்னாவுக்கு அருகே லாக்சென்பர்க் அரண்மனையில் இயங்கும் ஆய்வு நிறுவனம். அதை 1972-ல் தொடங்கியவர்களில் அமெரிக்கரும் உண்டு, சோவியத்தும் உண்டு.

தன் தொழிற்சாலைகள் எங்கெங்கே எவ்வளவு எரிக்கின்றன என்பதைச் சொல்ல சோவியத் யூனியன் தயங்கியது. அதற்காகக் கதவைச் சாத்தவில்லை. 1985 ஒப்பந்தத்தில், உமிழ்வை ‘அல்லது எல்லை தாண்டும் அளவை’ 30 சதவீதம் குறைக்கலாம் என்று எழுதினார்கள். உள்ளே நடப்பதைச் சொல்லாவிட்டாலும், எல்லையைத் தாண்டுவதற்குக் கணக்குக் கொடு. முழு உண்மை கிடைக்காத இடத்தில் பாதியைப் பெற்றுக்கொண்டு வேலையைத் தொடங்கிய அந்த நிதானத்தை நான் மிகவும் மதிக்கிறேன்.

இத்தனைக்கும் செலவு யார் செய்வது?
வணிகர், ஈரோடு

‘எமெப்’ செலவுக்கென்றே 1984-ல் ஒரு தனி ஒப்பந்தம் போட்டார்கள், ஒவ்வொரு நாடும் எவ்வளவு தர வேண்டும் என்று. யாராவது ஒருவர் தரும் நன்கொடையில் ஓடும் கண்காணிப்பு, அவர் மனம் மாறும் நாளில் நின்றுவிடும்.

விஞ்ஞானியும் ஒரு நாட்டின் குடிமகன்தானே? தன் நாட்டை விட்டுக்கொடுப்பாரா?
ஓய்வுபெற்ற அதிகாரி, சேலம்

சரியான கேள்வி. இதற்கு நல்ல விடை கண்டவர்கள் அமெரிக்காவும் கனடாவும். 1909-ன் எல்லை நீர் ஒப்பந்தப்படி ஒரு கூட்டு ஆணையம் வைத்தார்கள். இரு நாட்டுக்கும் மும்மூன்று உறுப்பினர்கள். ஏதாவது சிக்கல் எழுந்தால் இரு அரசுகளும் ஆணையத்திடம் கேள்வியாக எழுதிக் கொடுக்கும். ஆணையம் இரு பக்கமும் சம எண்ணிக்கையில் நிபுணர்களை அமர்த்தும். அவர்கள் தம் அரசின் பிரதிநிதிகளாக அல்ல, தம் சொந்தத் தகுதியில் உட்கார வேண்டும் என்பது விதி. எழுதுவது இரண்டு அறிக்கை அல்ல, ஒரே அறிக்கை.

1960-களில் ஈரி ஏரி பாசியால் பச்சையாகி, ‘செத்த ஏரி’ என்று பத்திரிகைகள் எழுதின. 1964-ல் இரு அரசுகளும் ஆணையத்திடம் கேட்டன. 1970-ல் வந்த அறிக்கை குற்றவாளியைப் பெயர் சொல்லிக் காட்டியது: பாஸ்பரஸ். சாக்கடையிலிருந்தும், பெருமளவு துணி துவைக்கும் பொடியிலிருந்தும் வந்தது. பாஸ்பரஸ் காரணமே இல்லை, கரிமம்தான் என்று சோப்புத் தயாரிப்பாளர்கள் வாதாடினார்கள். கனடாவின் டேவிட் ஷிண்ட்லர், ஒன்டாரியோவில் ஒரு சிறிய ஏரியின் நடுவே திரை கட்டி, ஒரு பாதியில் கரிமமும் நைட்ரஜனும், மறு பாதியில் அவற்றோடு பாஸ்பரஸும் கலந்தார். 1973-ல் வானிலிருந்து எடுத்த படத்தில் ஒரு பாதி தெளிநீர், மறு பாதி பச்சை. வாதம் அதோடு ஓய்ந்தது.

1972 ஏப்ரல் 15 அன்று நிக்சனும் பியர் ட்ரூடோவும் ஏரி நீர்த் தர ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். 1978-ல் ஈரி ஏரிக்கு ஆண்டுக்கு 11,000 டன் பாஸ்பரஸ் என்று உச்சவரம்பும் வைத்தார்கள். ஏரி தேறியது. ஆனால் 2014 ஆகஸ்டில் டொலிடோ நகரில் ஏறத்தாழ ஐந்து லட்சம் பேருக்குக் குழாய்நீரைக் குடிக்காதீர்கள் என்று அறிவிக்க வேண்டி வந்தது. பாசி நஞ்சு. இந்த முறை பாஸ்பரஸ் வந்தது வயல்களிலிருந்து. ஒரு முறை அளந்து முடித்துவிட்டோம் என்று கருவியைப் பெட்டியில் வைக்க முடியாது.

பேச்சு எதற்கு? உலக நீதிமன்றத்துக்குப் போய்விட்டால் ஒரே தீர்ப்பில் முடிந்துவிடுமே?
வாசகர், கோயம்புத்தூர்

அர்ஜென்டினா போய்ப் பார்த்தது. உருகுவே ஆற்றின் எதிர்க்கரையில், ஃப்ரே பென்டோஸில், உருகுவே ஒரு காகிதக்கூழ் ஆலைக்கு அனுமதி தந்தது. 1975-லிருந்தே இரு நாட்டுக்கும் பொதுவான ஆற்று ஆணையம் ஒன்று இருந்தது. அதனிடம் முறைப்படி சொல்லாமல் தந்தது. அர்ஜென்டினா மக்கள் பாலத்தை மூன்று ஆண்டுக்கும் மேல் மறித்தார்கள். குடும்பங்கள் பிரிந்தன, வியாபாரம் படுத்தது. 2010 ஏப்ரலில் தீர்ப்பு: முறைப்படி தெரிவிக்காதது உருகுவேயின் தவறு, ஆனால் ஆறு கெட்டது என்பதற்குச் சான்று போதாது. எல்லை தாண்டித் தீங்கு வரக்கூடும் என்றால், முன்கூட்டியே சுற்றுச்சூழல் பாதிப்பை மதிப்பிடுவது எல்லா நாடுகளின் கடமை என்றும் நீதிமன்றம் சொன்னது. அந்த ஒரு வரி உலகுக்கே பயன்பட்டது.

சரி, தீர்ப்புக்குப் பின் இருவரும் என்ன செய்தார்கள்? அந்த ஆணையத்தின் கீழேயே இரு நாட்டு விஞ்ஞானிகளைக் கொண்ட குழு அமைத்து ஆற்றை அளக்க ஆரம்பித்தார்கள். அடிக்கல் நாட்டும் முன் செய்திருக்க வேண்டிய வேலை.

பிரம்மபுத்திராவின் நீர்மட்டத்தைச் சீனா நமக்குச் சொல்கிறதா?
மாணவி, வேலூர்

சொன்னது, நின்றது, மறுபடி சொன்னது. வெள்ளக் காலத்தில் மே 15 முதல் அக்டோபர் 15 வரை நீர்மட்டம் தருவதாக 2023 வரை ஏற்பாடு இருந்தது. 2017-ல் டோக்லாமில் படைகள் எதிரெதிரே நின்ற ஆண்டு தகவல் வரவில்லை. அளவு நிலையங்களைச் சீரமைக்கிறோம் என்றது சீனா. அதே பருவத்தில் வங்கதேசத்துக்குத் தகவல் போய்க்கொண்டிருந்ததாகச் செய்தி வந்தது. 2018-ல் நமக்கும் மீண்டும் வந்தது. அசாமில் ஆற்றங்கரையில் மாடு கன்றோடு குடியிருப்பவருக்கு அந்த எண் சில மணி நேர உயிர்ப்பிச்சை. அதைப் படைத்தகராறோடு முடிச்சுப்போடக் கூடாது என்று எழுத்தில் ஓர் ஒப்பந்தம் வேண்டும்.

மேகாங்கிலும் இதே நிலை. கீழ்நாடுகள் நான்கும் ஆணையம் அமைத்தது 1995. சீனா வெள்ளக்காலத் தகவல் தர ஒப்புக்கொண்டது 2002. ஆண்டு முழுவதும் தர ஒப்புக்கொண்டது 2020.

நம் பக்கத்தில் பல நாடுகள் சேர்ந்து காற்றை அளந்ததே இல்லையா?
வாசகர், சென்னை

பெரிதாகவே அளந்தார்கள். 1999-ல் நடந்த இந்தியப் பெருங்கடல் ஆய்வு. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்த வீ. ராமநாதனும், ஓசோன் ஆய்வுக்காக நோபல் பெற்ற பால் க்ரட்சனும் தலைமை. இந்தியாவின் ‘சாகர் கன்யா’ கப்பலும் அமெரிக்காவின் ‘ரொனால்ட் பிரவுன்’ கப்பலும் கடலில் மாதிரி எடுத்தன. மாலத்தீவின் காஷிதூ தீவில் ஒரு நிலையம். குளிர்காலத்தில் தெற்காசியாவின் புகை, சுமார் மூன்று கிலோமீட்டர் உயரத்துக்கு, கடல்மேல் பழுப்புப் படலமாகப் பரவி வெயிலையே மறைக்கிறது என்று கண்டார்கள். வாகனப் புகை, விறகு, சாணம், பயிர்த்தாள் என எல்லாம் கலந்த படலம்.

2002-ல் ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பு இதை ‘ஆசியப் பழுப்பு மேகம்’ என்று அறிக்கையாக்கியதும் டெல்லி கோபித்துக்கொண்டது. ஆசியாவை மட்டும் ஏன் சுட்டுகிறீர்கள் என்று. பெயரை மாற்றினார்கள். கோபத்தில் நியாயம் இருந்தது. ஆனால் பெயர்ச் சண்டையில் கழிந்த காலத்தில் அடுப்புப் புகையில் இருமிக்கொண்டிருந்த பெண்களைப் பற்றிப் பேசியிருக்கலாம்.

1998-லேயே மாலேயில், இந்தியா, பாகிஸ்தான், இலங்கை, நேபாளம், பூடான், வங்கதேசம், மாலத்தீவு, ஈரான் ஆகிய எட்டு நாடுகள், எல்லை தாண்டும் காற்று மாசைக் கூட்டாக அளப்பதாகப் பிரகடனம் செய்தன. ஐரோப்பாவின் 1979 போன்ற தொடக்கம் அது. ஐரோப்பாவில் 15 ஆண்டில் ஆஸ்லோ இலக்குகள் வந்தன. இங்கே கால் நூற்றாண்டுக்குப் பிறகும் நவம்பர் வந்தால் லாகூர் கிழக்கைக் கைகாட்டுகிறது, டெல்லி மேற்கைக் கைகாட்டுகிறது. இரண்டுமே ஒரே சமவெளியின் ஒரே காற்றில் இருக்கும் ஊர்கள். ‘பழி அட்டவணை’ ஒன்று இருந்தால் பழி சொல்வதே குறையும் என்பது என் உறுதியான எண்ணம்.

கூடங்குளம் அணு உலையில் ஏதாவது ஆனால் பாதிப்பு எங்களுக்கும்தான் வரும். எங்களிடம் யார் கருத்துக் கேட்டார்கள்?
வாசகர், மன்னார்

யாரும் கேட்கச் சட்டமே இல்லை. இந்தியாவின் 2006 சுற்றுச்சூழல் பாதிப்பு அறிவிக்கை, திட்டம் வரும் மாவட்டத்தில் மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் நடத்தச் சொல்கிறது. கடலுக்கு அப்பால் இருப்பவர் அதில் இல்லை. கொழும்பும் டெல்லியும் 2015-ல் அணுசக்தி ஒத்துழைப்பு ஒப்பந்தம் செய்தன. அது அரசோடு அரசு பேசுவது.

ஐரோப்பாவில் வேறு வழி இருக்கிறது. 1991-ல் ஃபின்லாந்தின் எஸ்போவில் கையெழுத்தாகி 1997-ல் நடைமுறைக்கு வந்த ஒப்பந்தம். எல்லை தாண்டிப் பாதிக்கக்கூடிய திட்டம் என்றால் அண்டை நாட்டுக்கு முன்கூட்டித் தெரிவிக்க வேண்டும். தன் மக்களுக்குத் தரும் வாய்ப்பை அந்த நாட்டு மக்களுக்கும் தர வேண்டும். திட்டத்தை நிறுத்தும் அதிகாரம் அண்டை நாட்டுக்கு இல்லை. கேட்கும் உரிமை உண்டு. தெற்காசியாவில் அதுகூட இல்லை என்பது எனக்கு வேதனை.

எக்ஸ்-பிரஸ் பேர்ல் கப்பலின் பிளாஸ்டிக் குருணை இன்னும் எங்கள் மணலில் இருக்கிறது. நட்டத்தை எப்படிக் கணக்கிடுவது?
ஆசிரியை, நீர்கொழும்பு

2021 மே 20 அன்று கொழும்புக்கு வெளியே தீப்பிடித்தது, ஜூன் 2-ல் மூழ்கத் தொடங்கியது. நைட்ரிக் அமிலம் கசிந்த கொள்கலனை இறக்கிக்கொள்ள அதற்கு முன் கத்தாரின் ஹமாத் துறைமுகமும் குஜராத்தின் ஹசீரா துறைமுகமும் மறுத்திருந்தன. தீயணைக்க இந்தியக் கடலோரக் காவல் படைக் கப்பல்கள் வந்தன. தீயை அணைக்க உதவியவர்கள், தீ வருமுன் கசிவை இறக்கவும் உதவியிருக்கலாம்.

கணக்கில் பெரிய சிக்கல் ஒன்று. விபத்துக்கு முன் அந்தக் கடலில் எவ்வளவு மீன், எத்தனை ஆமை, மணலில் எவ்வளவு குருணை என்ற அடிக்கணக்கு இருந்தால்தான் பின்னால் குறைந்ததை நிறுவ முடியும். இல்லையென்றால், செத்து ஒதுங்கிய ஆமை ஒவ்வொன்றுக்கும் எதிர்த்தரப்பு வேறு காரணம் சொல்லும். 2025 ஜூலையில் இலங்கை உச்ச நீதிமன்றம் 100 கோடி டாலர் இழப்பீடு தரச் சொன்னது. வாங்குவது இனிமேல்தான்.

2025 மே மாதம் கேரளத்துக்கு வெளியே ‘எல்சா 3’ கப்பல் மூழ்கியபோது குருணைகள் குமரிக் கடற்கரைவரை வந்தன, பிறகு இலங்கைக் கரையிலும் ஒதுங்கின. பருவக்காற்றும் நீரோட்டமும் ஒருவர் குப்பையை மற்றவருக்குக் கொண்டுவந்து கொடுக்கின்றன. இரு கரைக்கும் பொதுவான அடிக்கணக்கை ஆண்டுதோறும் எடுத்து வைப்பது அடுத்த விபத்துக்கான காப்பு.

பாக் நீரிணையில் மீன் குறைந்ததற்கு எங்கள் விசைப்படகுதான் காரணம் என்கிறார்கள். உண்மையைச் சொல்லுங்கள்.
விசைப்படகுத் தொழிலாளர், ராமேசுவரம்

பெரும்பங்கு இழுவைமடிக்கு உண்டு, ஐயா. பெரும்பகுதி 15 மீட்டருக்கும் குறைந்த ஆழமுள்ள கடல் அது. அதன் அடியைத் தினமும் வாரினால் கடற்புல்லும் குஞ்சும் முட்டையும் சேர்ந்து வரும். உங்களுக்கே தெரியும், முன்பு கழிவு என்று தள்ளியதை இன்று கோழித் தீவனத்துக்கு எடைபோட்டு விற்க வேண்டியிருக்கிறது. இதற்காக உங்களை மட்டும் குற்றவாளிக் கூண்டில் நிறுத்த மாட்டேன். இழுவைப்படகை ஊக்குவித்தவை அரசுகள்தான்.

உங்கள் கேள்விக்குத் துல்லியமாக, இத்தனை சதவீதம் இதனால், இத்தனை அதனால் என்று சொல்ல ஒரு கூட்டுக் கணக்கு வேண்டும். நாம் அதைச் செய்யவில்லை. 1974, 1976 ஒப்பந்தங்கள் கோடு போட்டன. கோட்டுக்கு மேற்கே நாம் எண்ணுகிறோம், கிழக்கே அவர்கள் எண்ணுகிறார்கள். தமிழ்நாடு 2022-ல் தஞ்சை, புதுக்கோட்டைக் கரையில் 448 சதுர கிலோமீட்டரை ஆவுளியா எனும் கடற்பசுவுக்கான காப்பகமாக அறிவித்தது, நல்ல வேலை. ஆனால் கடற்பசு மேயும் புல்வெளி கோட்டோடு முடிவதில்லை. இலங்கை 2017-ல் இழுவைமடியைத் தடை செய்தது. நமக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். அந்த 61 நாளில் கடல் எவ்வளவு மீள்கிறது என்று இரு கரையிலும் ஒரே வலையை, ஒரே வாரத்தில் போட்டுப் பார்த்தால் என்ன?

நார்வேயும் ரஷ்யாவும் செய்கின்றன. காட் மீன் நார்வேயின் லோஃபோட்டன் தீவருகே முட்டையிடும். குஞ்சுகள் நீரோட்டத்தில் பேரன்ட்ஸ் கடலுக்குப் போய், ரஷ்யப் பகுதியிலும் வளரும். 1976-லிருந்து கூட்டு மீன்வள ஆணையம். 2004-லிருந்து ஆண்டுதோறும் இரு நாட்டுக் கப்பல்கள் சேர்ந்து கடல் முழுவதையும் அளக்கின்றன. 2022-ல் உக்ரைன் போரால் பன்னாட்டுக் கடலாய்வு மன்றத்தில் ரஷ்யாவின் பங்கேற்பை நிறுத்திவைத்தார்கள். அப்போதும் இருவரும் தனியே உட்கார்ந்து மீன் கணக்கைப் போட்டு, பிடிக்கும் அளவைத் தீர்மானித்தார்கள்.

அவர்களுக்கு மொழிபெயர்ப்பாளர் வேண்டும். ராமேசுவரத்தாருக்கும் பருத்தித்துறையாருக்கும் அதுவும் வேண்டாம். மீனின் பெயரும் காற்றின் பெயரும் இரு கரையிலும் தமிழ்தான். வங்காள விரிகுடா நாடுகளின் மீன்வள அமைப்பு ஒன்று சென்னையிலேயே இருக்கிறது, இந்தியாவும் இலங்கையும் அதில் உறுப்பினர். இடம் தேட வேண்டியதில்லை.

ஆய்வு ஆய்வு என்று காலத்தை ஓட்டுவார்கள். அதுவரை எங்கள் வலை அறுந்துகொண்டே இருக்கும். இதற்கு என்ன சொல்கிறீர்கள்?
மீனவப் பெண், யாழ்ப்பாணம்

உங்கள் சந்தேகம் நியாயம், தங்கச்சி. ஆய்வை ஒத்திப்போடும் கருவியாக்கியவர்கள் உண்டு. அமில மழைக்கு அமெரிக்கா 1980-ல் பத்தாண்டு ஆய்வுத் திட்டம் தொடங்கியது. இன்னும் தெரியவில்லை, இன்னும் ஆராய்கிறோம் என்று அந்தப் பத்தாண்டும் கனடாவுக்குப் பதில் சொன்னார்கள். கடைசியில் 1990-ல் காற்றுச் சட்டத்தைத் திருத்தி நிறைவேற்றியபோது, முழுத் தொகுப்பறிக்கை இன்னும் வெளிவரவே இல்லை.

ஆகவே இரண்டையும் பிரிக்க வேண்டும். இழுவைமடி கடலடியைக் கெடுக்கிறது என்பதற்கு இனி எந்த ஆய்வும் தேவையில்லை. அதை நிறுத்துவதும், நிறுத்துகிற தொழிலாளிக்கு வேறு பிழைப்புத் தருவதும் இன்றே ஆக வேண்டியவை. அறுந்த வலைக்கு ஈடு தருவதும் அப்படியே. கூட்டு ஆய்வு அதற்குப் பிறகு ஆண்டுதோறும் நடக்க வேண்டியது. புல் திரும்புகிறதா, எந்த மீன் திரும்புகிறது, எத்தனை படகை அந்தக் கடல் தாங்கும் என்று பார்ப்பதற்கு. முதல் பயணத்திலேயே உங்கள் ஊரிலிருந்து ஒருவரும் ராமேசுவரத்திலிருந்து ஒருவரும் அந்தப் படகில் ஏற வேண்டும். பிடிபட்டதை எடைபோடும்போது இருவரும் பக்கத்தில் நிற்க வேண்டும். அறிக்கை இரு ஊர் மீன் ஏலக்கூடத்திலும் ஒரே நாளில் தமிழில் ஒட்டப்பட வேண்டும்.